நாலால் வகுத்த கானமயில்

1901 ஜனவரி 24, வியாழன்

நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு நாள் ஆகிறது. வயிறு இன்னும் அதை மறக்கவில்லை.

சீமையில் மகாராணி காலமாகிவிட்டாராம். தபாலாபீசுக்குத் தந்தி வந்திருக்கிறது. வண்டிப்பேட்டையில் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். நான் மட்டும் அசையவில்லை. "போன வாரமே எனக்குத் தெரியும்" என்றேன். எப்படித் தெரியும் என்று ஒருவன் கேட்டான். அதை வெளியே சொல்லக்கூடாது என்றேன். அப்படியே அடங்கிப் போனார்கள்.

நரிப்பொட்டல் புல் குத்தகை இந்த வருடமும் எனக்கே. சுந்தரபாண்டியத்துக்குக் கிழக்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் கொழுக்கட்டைப்புல், இடுப்பளவு நிற்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பேட்டையில் அவிழ்த்துக் கட்டுகிற மாடு ஒவ்வொன்றும் முத்து முகம்மது ராவுத்தர் புல்லைத்தான் தின்கிறது. சாத்தூர் ரயிலடிக்குப் போகிற ஆயிரம் வண்டியும் என் புல்லில்தான் ஓடுகிறது.

இதை வீட்டில் சொன்னேன். "இருநூத்தம்பது" என்றாள் அப்ரோஸ் பேகம்.

என் வீட்டுக்காரி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் ஒரே ஒரு கணக்கு அவளுக்கு அத்துப்படி. நான் எதைச் சொன்னாலும் நாலால் வகுப்பாள். கலியாணம் ஆன முதல் மாதமே கற்றுக்கொண்டாள். நானோ மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். வாத்தியார், இதற்கு மேல் உனக்குச் சொல்லித் தர என்னிடம் சரக்கு இல்லை என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார். இந்த நோட்டை அவளால் வாசிக்க முடியாது. ஆகையால் இதற்குள் வகுத்தல் கிடையாது.

ஜனவரி 28, திங்கள்

அறுப்பு ஆரம்பம். நாற்பது பெண்கள். சரி, பதினான்கு. ஆனால் நாற்பது பேர் சத்தம். அவர்களுக்குத் தலைவி வெள்ளைத்தாய், சுந்தரபாண்டியத்துக்காரி, ஐம்பது வயதிருக்கும். அவள் அரிவாள் போகிற வேகத்துக்கு என் மைத்துனன் வாய் கூட ஈடு கொடுக்காது.

மத்தியானம் பொட்டலுக்குப் போனேன். வழக்கமாக ஓரத்தில் வண்டியில் உட்கார்ந்தபடியே மேற்பார்வை பார்ப்பேன். இன்று இறங்கி நடந்தேன். பார்த்தால், அரைகுறையாகச் சிரைத்த தலை மாதிரி இருக்கிறது நிலம். அங்கங்கே புல் அறுபடாமல் குடுமி குடுமியாக நிற்கிறது.

"ஏ வெள்ளைத்தாய், எனக்குப் புல்லு அறுக்கியளா, பொட்டலுக்குக் குடுமி வைக்கியளா?" என்றேன்.

"முட்ட கெடக்கு மொதலாளி. முடிச்சுப் போட்டிருக்கம்லா, பாக்கலியா?"

குனிந்து பார்த்தேன். குடுமியைச் சுற்றி நாலு மூலையிலும் புல் நுனியைச் சேர்த்து முடிந்திருந்தார்கள். தரையில் முட்டை வைத்த பறவையைக் கண்டால் இவர்கள் இப்படித்தான் செய்வார்களாம். முடிச்சுக்குள் அரிவாள் போகாது. வானம்பாடிக்கு ஒரு முறம் அகலம். கவுதாரிக்கு ஒரு பாய் அகலம். குஞ்சு நடந்து போன பிறகு அவர்களே வந்து முடிச்சை அவிழ்த்து அறுத்துப் போடுவார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். கிழக்கு ஓரத்தில் ஒரு முடிச்சு வளையம். முறமும் இல்லை, பாயும் இல்லை. ஒரு களம் அளவு! நாலு வண்டிப் புல் அதற்குள் நிற்கிறது.

"அது எதுக்குட்டி? யானை முட்டை போட்டிருக்கா?"

"கானமயிலு" என்றாள். அருகில் நின்ற பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பெரிய வீட்டு ஆள் வந்தது போல.

"அம்புட்டையும் விட்டா நான் எதை விக்க?"

"புல்லு நாளைக்கும் நிக்கும் மொதலாளி."

நாளைக்கே இதற்கு ஒரு முடிவு கட்டுகிறேன். குத்தகைக்காரன் நானா, அந்தப் பறவையா?

ஜனவரி 29, செவ்வாய்

முடிவு கட்டப் போனேன்.

விடியும்போதே போய்விட்டேன். தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு வயிற்றால் ஊர்ந்தேன். என் பாட்டனார் நாயக்கர் படையில் குதிரை மேல் போனவர். நான் எறும்புப் புற்று மேல் போனேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் புல்லுக்கு மேலே ஒரு கழுத்து எழுந்தது. வெளுத்த கழுத்து, தலையில் கறுப்பாக ஒரு தொப்பி. உடம்பு காய்ந்த புல் நிறம். பீலி கிடையாது. ஆனால் நிற்கிற தோரணை இருக்கிறதே, தாசில்தார் கூட அப்படி நிற்கமாட்டார். யானை உயரம்!

அது இரண்டு எட்டு நகர்ந்தது. வெறுந்தரையில் ஒரே ஒரு முட்டை. குனிந்து அலகால் அதை மெதுவாகப் புரட்டிவிட்டது. அப்ரோஸ் தோசையைப் புரட்டுவாளே, அந்தக் கவனம். பிறகு அதன் மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் காணோம். பத்து அடி தூரத்தில் புல்லும் நானும்தான் இருந்தோம்.

எறும்பு முழங்கை முழுக்கக் கடித்திருக்கிறது. ஒரு தடவை கூட நான் அசையவில்லை. இது பொய்யில்லை.

வளையத்தைப் பற்றி வெள்ளைத்தாயிடம் ஒன்றும் பேசவில்லை. அவள் என் முழங்கையைப் பார்த்துச் சிரித்தாள்.

ஜனவரி 30, புதன்

நேற்று யானை உயரம் என்று எழுதியதை அடித்துவிட்டேன். கழுதைக்குட்டி உயரம்.

பிப்ரவரி 3, ஞாயிறு

ராஜபாளையம் சந்தை. இன்று நான் பேசிய பேச்சை அந்த ஊர் இன்னும் பத்து வருடத்துக்குப் பேசும்.

சிங்கராஜா தன் வெள்ளை நாய்களைக் கொண்டுவந்திருந்தார். அந்த ஊர் ராஜாக்கள் வேட்டைக்கு வளர்க்கிற நாய்கள். வெண்ணெய் நிறம், ரோஜாப்பூ மூக்கு, ஒட்டிய வயிறு. சிங்கராஜாவுக்கு அவைதான் உலகம். ஒன்று பன்றியைப் பிடித்ததாம், ஒன்று மானைத் தாண்டியதாம், இன்னொன்றை ஓட்டத்தில் மிஞ்ச மூன்று ஜில்லாவில் ஜீவன் கிடையாதாம். கூட்டம் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒருவர் பெருமை பேச நான் எம்புட்டு நேரம்தான் பொறுப்பேன்?

"ராஜா, ஒரு ஜீவன் இருக்கு. என் பொட்டல்ல" என்றேன்.

"ஏமய்யா ராவுத்தரே, உங்க பொட்டல்ல முயல் கூட நொண்டும்."

"கானமயில்! ஓடுனா குதிரை தோத்துப் போகும். ஒங்க நாயி வாலை மடக்கிக்கிட்டு உக்காந்திரும்."

அவ்வளவுதான். கூட்டம் என் பக்கம் திரும்பியது. கழுத்து நீளம் சொன்னேன், கறுப்புத் தொப்பி சொன்னேன். எல்லாம் நிசம். குதிரையை மட்டும் நான் சேர்த்தேன். சிங்கராஜா முகம் சிவந்தது. அடுத்த ஞாயிறு எட்டு நாயோடு வருகிறேன் என்றார். நாய் பிடித்தால் என் வெள்ளிப்பூண் சவுக்கு அவருக்கு. பிடிக்காவிட்டால் அவருடைய குட்டிகளில் ஒன்று எனக்கு. பறவையே இல்லாவிட்டாலும் சவுக்கு அவருக்கு. நாயக்கர் அரண்மனையிலிருந்து பாட்டனாருக்கு வந்த சவுக்கு அது. ஊரறியப் பந்தயம்.

திரும்பும்போது வண்டியில் தூக்கமே வரவில்லை. குட்டிக்கு என்ன பெயர் வைக்கலாம்?

பிப்ரவரி 4, திங்கள்

பெயர் வேண்டாம்.

காலையில் பொட்டலுக்குப் போய் முதலில் வெள்ளைத்தாயிடம்தான் சொன்னேன். நம் பொட்டலுக்கு எப்பேர்ப்பட்ட கௌரவம் என்று. அவள் அரிவாளை நிறுத்தினாள்.

"நாயா?"

"எட்டு நாய்! ஆனா பிடிக்க முடியாதுட்டி. அது ஓடும், பறக்கும்..."

"அது பறக்கும் மொதலாளி. முட்ட பறக்குமா?"

முட்டையை நான் யோசிக்கவே இல்லை. சந்தையில் கழுத்தைச் சொன்னேன், தொப்பியைச் சொன்னேன். முட்டையைச் சொல்லவும் இல்லை, நினைக்கவும் இல்லை.

"வருசத்துக்கு ஒத்த முட்டதான் இடும். எங்க ஆத்தா அறுக்கையில இந்தப் பொட்டல்ல கானமயிலுக்குன்னே பன்னெண்டு முடிச்சு விழுமாம். நான் வாக்கப்பட்ட வருசம் நாலு. இப்ப இந்த ஒண்ணு. நாயி மிதிச்சிட்டா, அடுத்த வருசம் யாருக்கு முடிச்சுப் போட?"

பன்னிரண்டு, நாலு, ஒன்று. இதை வகுக்கத் தோன்றவில்லை.

பெண்கள் ஒருவர் பின் ஒருவராக அரிவாளைக் கீழே வைத்தார்கள். "நாயி வந்துட்டுப் போகட்டும். பொறவு நீங்களே அறுத்துக்கிடுங்க" என்றாள் வெள்ளைத்தாய். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. செத்த நேரத்தில் பொட்டலில் நான் மட்டும்தான். கிழக்கு ஓரத்தில் அந்தக் கழுத்து ஒரு தடவை எழுந்து, என்னைப் பார்த்துவிட்டு அமர்ந்தது.

பிப்ரவரி 5, செவ்வாய்

கவலை எதற்கு? வாயால் வந்ததை வாயாலேயே அனுப்பத் தெரியாதவனா நான்?

என் தங்கை மகன் ஜெய்னுலாப்தீன் தினமும் ராஜபாளையத்துக்குப் புல் வண்டி ஓட்டுகிறான். அவனிடம் சொல்லி அனுப்பினேன்: பொட்டலில் பாம்பு மண்டிக் கிடக்கிறது, நாய்களுக்கு ஆபத்து.

மாலையில் பதில் வந்தது: என் நாய்களுக்குப் பாம்பு முறுக்கு மாதிரி.

பிப்ரவரி 6, புதன்

மலையிலிருந்து சிறுத்தை இறங்கியிருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

பதில்: சபாஷ். துப்பாக்கிக்காரர் இரண்டு பேரையும் அழைத்து வருகிறேன்.

பொட்டலில் ஒரு முனி உலாவுகிறது, பார்த்தவர் காய்ச்சலில் விழுகிறார் என்று அடுத்த நடைக்குச் சொல்லி அனுப்பினேன். ஜெய்னுலாப்தீன் திரும்பி வந்து வண்டியை அவிழ்க்காமல் என் எதிரே நின்றான்.

"மாமு, முனியைப் பாக்கணும்னு இன்னும் ஆறு வண்டி கட்டுதாக. எட்டு நாயி இப்ப பன்னெண்டு. நீங்க சொல்லச் சொல்ல அங்க கூட்டம் கூடுது. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், இனி ஒண்ணுமே சொல்லாதீங்க!"

நாற்பது வருடமாக வளர்த்த நாக்கு. கடைசியில் என்னையே கடிக்கிறது.

பிப்ரவரி 7, வியாழன்

சோறு இறங்கவில்லை. அப்ரோஸ் பார்த்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பன்னிரண்டு நாய் என்றேன். மூன்று என்று வகுப்பாள் என்று நினைத்தேன். வகுக்கவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள் போல.

"ஏங்க, இதுக்கு ஒரே வழிதான். அந்தப் பறவையே இல்ல, நான் சொன்னது பொய்யின்னு போய்ச் சொல்லிருங்க. அம்புட்டு பேரும் நம்புவாக."

"நான் சொன்னது நிசம்டி!"

"அதான் சொல்லுதேன். நீங்க பொய்யின்னு சொன்னா ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாக."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

யா அல்லாஹ். என் ஆயுசுல எம்புட்டுப் புளுகியிருப்பேன்? ஒண்ணையாவது பொய்யின்னு ஒத்துக்கிட்டதுண்டா? மகாராணி விசயத்தக்கூட விட்டுக்கொடுக்கலையே. இப்ப, நிசத்த ஒரே ஒரு தடவ கண்ணாரக் கண்டு வந்து சொன்னேன். அதைப் போயி பொய்யின்னு... ராஜபாளையம் பூராவும் சிரிக்குமே. சவுக்கும் போகுமே. ஒரு முட்டைக்காகவா? ஒரு ஒத்த முட்டைக்காகவா?

ஒத்த முட்டைதான். அதுதானே சங்கதி.

பிப்ரவரி 8, வெள்ளி

ஜும்ஆ தொழுதேன். நாளைக்குப் போகிறேன்.

பிப்ரவரி 9, சனி

போய் வந்துவிட்டேன்.

சிங்கராஜா வீட்டு முன்னால் திருவிழாக் கூட்டம். நாய்களுக்கு எண்ணெய் தேய்த்து, கழுத்துக்கு வார் போட்டு, ஒவ்வொன்றையும் ஒரு ஆள் பிடித்து நிற்கிறான். என்னைப் பார்த்ததும் சிங்கராஜா தெலுங்கில் வரவேற்றபடி கையை விரித்துக்கொண்டு வந்தார்.

"ராண்டி ராவுத்தரே! முனி எப்படி இருக்குது?"

"ராஜா, முனி கிடையாது. சிறுத்தையும் கிடையாது" என்றேன்.

"அது எனக்கே தெரியும்."

"கானமயிலும் கிடையாது."

ஒரு நாய் மட்டும் கொட்டாவி விட்டது.

"நான் பொய் சொன்னேன்" என்றேன். அந்த மூன்று சொல்லும் என் வாயிலிருந்து வந்ததே கிடையாது. "பொட்டல்ல புல்லுதான் இருக்கு. சந்தையில நீங்க பெருமையாப் பேசுனது பொறுக்காம அளந்துவிட்டேன்."

சிங்கராஜா கண்ணைச் சுருக்கினார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. "கழுத்து, கறுப்புத் தொப்பின்னு அச்சடிச்சாப்ல சொன்னீரே? நிஜமா பொய்தானா? அப்போ உங்க அல்லா மேல சத்தியம் பண்ணும்."

புளுகுவேன். சத்தியம் செய்து புளுகமாட்டேன். அது என்னைப் பெற்ற அத்தா எனக்கு விட்டுப்போன ஒரே ஒரு கட்டுப்பாடு. முட்டையும் சத்தியமும் எதிரெதிரே நிற்கின்றன. நான் நடுவில்.

இடுப்பிலிருந்து சவுக்கை உருவினேன். இரண்டு கையாலும் நீட்டினேன்.

"சத்தியம் கேக்காதீரு ராஜா. பறவை இல்லாட்டி சவுக்கு ஒங்களுக்குன்னுதானே பேச்சு? இந்தாரும்."

அதற்கு மேல் யாருக்கும் சாட்சி வேண்டியிருக்கவில்லை. சும்மா எவனாவது வெள்ளிப்பூண் சவுக்கைக் கொடுப்பானா? முதலில் நாய் பிடித்திருந்தவன் ஒருவன் சிரித்தான். பிறகு தெருவே சிரித்தது. "கானமயில் ராவுத்தர்! கானமயில் ராவுத்தர்!" என்று ஒரு சத்தம். வண்டி ஏறும் வரை கூடவே வந்தது. சிங்கராஜா என் தோளைத் தட்டி, "மனசு விட்டு ஒத்துக்கிட்டீரே, அதுக்கே ஒரு சபாஷ்" என்றார். அது சிரிப்பை விட வலித்தது.

இன்னொன்று. அந்தச் சவுக்கு நாயக்கர் அரண்மனைச் சவுக்கு இல்லை. அத்தா சாத்தூர் சந்தையில் வாங்கியது. பிடியில் அவர் கட்டைவிரல் பதிந்து தேய்ந்த ஒரு பள்ளம் உண்டு. என் கட்டைவிரலும் அதில் சரியாகப் பொருந்தும்.

பிப்ரவரி 10, ஞாயிறு

பகல் முழுக்கப் பொட்டலில் இருந்தேன். ஒரு நாய் கூட வரவில்லை. அது முட்டையை மூன்று தடவை புரட்டியது.

பிப்ரவரி 11, திங்கள்

பெண்கள் வந்துவிட்டார்கள். ராஜபாளையத்துச் சேதி எனக்கு முன்பே சுந்தரபாண்டியம் போய்ச் சேர்ந்திருக்கிறது. வெள்ளைத்தாய் என் இடுப்பைப் பார்த்தாள். சவுக்கு இல்லை. நேரே கிழக்கு ஓரம் போய், வளையத்தை இன்னும் இரண்டு வண்டிப் புல் அளவு அகலமாக்கி முடிச்சுப் போட ஆரம்பித்தாள்.

"இந்தப் பக்கம் நீங்க போடுங்க மொதலாளி."

"எனக்குத் தெரியாதா?" என்று போட்டேன். அவிழ்ந்துவிட்டது. மறுபடி போட்டேன். மறுபடி அவிழ்ந்தது. பின்னால் பதினான்கு பேர் சத்தம் இல்லாமல் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"ஈரப் புல்லு. அதான்" என்றேன்.

"ஆமா மொதலாளி, நேத்துப் பெருமழை பெய்ஞ்சதுல்லா" என்றாள் அவள். ஒரு மாதமாகச் சொட்டு மழை கிடையாது.

பிப்ரவரி 20, புதன்

ஓடு மட்டும் கிடக்கிறது. இரண்டாகப் பிளந்து. குஞ்சைத் தேடித் தேடிக் கண் வலித்தது. கடைசியில் என் செருப்புக்கு ஒரு முழம் தள்ளி ஒரு மண்ணாங்கட்டி கண்ணைச் சிமிட்டியது.

அப்படியே பின்னோக்கி நடந்து வந்தேன்.

வளையத்தை அவிழ்க்கலாமா என்று கேட்டதற்கு, "இந்த வருசம் கெடக்கட்டுமே, அது ஒளியிறதுக்கு எடம் வேணாமா" என்றாள் வெள்ளைத்தாய். கிடக்கட்டும் என்றேன். பேட்டையில், பிந்தி அறுக்கிற புல்லுக்குத்தான் மாடு ருசி கண்டிருக்கிறது, விவரம் தெரிந்தவன் ஓரத்தில் விட்டு வைப்பான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு குத்தகைக்காரர்கள் அதைக் குறித்துக்கொண்டு போனார்கள்! அவர்கள் பொட்டலிலும் கொஞ்சம் புல் நிற்கும்.

மார்ச் 1, வெள்ளி

தேசம் முழுக்க ஜனக்கணக்கு எடுக்கிறார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கணக்கெடுக்கிற பிள்ளை வந்தான். ராஜபாளையம் பக்கத்து ஆள்.

தொழில் என்ன என்றான். குதிரை வைத்தியம், வேட்டை, தானிய மண்டி, புல் மொத்த வியாபாரம் என்று வரிசையாகச் சொன்னேன். உள்ளேயிருந்து அப்ரோஸ், "புல்லு" என்றாள். அவன் புல் என்று எழுதிக்கொண்டான்.

பெயரைச் சொன்னதும் நிமிர்ந்தான். "கானமயில் ராவுத்தர் நீங்கதானா? அந்தப் பறவை குதிரையை முந்துமாமே? எங்க ஊர்ல சின்னப் பிள்ளையெல்லாம் ஒங்களை மாதிரி ஆடிக் காட்டுதுக."

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வளையம், முட்டை, கண் சிமிட்டிய மண்ணாங்கட்டி, எல்லாம். கூட இன்னும் ஒன்பது குஞ்சு சேர்த்துச் சொல்லியிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"சும்மா சொன்னது தம்பி" என்றேன்.

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் சற்று நின்று, பிறகு தொடர்ந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் எனக்குக் கறி இரண்டு துண்டு கூட. எட்டுத் துண்டு என்று எழுத வந்தது. இரண்டுதான்.

1902 ஜனவரி 20, திங்கள்

இந்த வருடமும் குத்தகை எனக்கே. கிழக்குப் பாதியைத் தொடவே வேண்டாம் என்று வெள்ளைத்தாயிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். "நீங்களாச் சொல்லுதியளா?" என்றாள். பின்னே, ஜில்லா கலெக்டரா சொல்லுவார் என்றேன்.

சிங்கராஜாவைச் சந்தையில் பார்த்தேன். என் சவுக்கு அவர் இடுப்பில். நன்றாகத்தான் வைத்திருக்கிறார், பூண் பளபளக்கிறது. "புதுசா ஏதாவது பறவை உண்டா ராவுத்தரே?" என்றார். "திமிங்கலம் ஒண்ணு வந்திருக்கு ராஜா" என்றேன். இருவரும் சிரித்தோம். அவர் நாய்கள் வாலாட்டின.

என் முடிச்சு இப்போதெல்லாம் அவிழ்வதில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

காலையில் பொட்டலுக்குப் போய்விட்டு வந்து, "இன்னைக்கு ரெண்டு கண்டேன்" என்றேன். "போன வருசத்துக் குஞ்சு தாய் உயரத்துக்கு வளந்து பக்கத்திலயே நிக்கி."

அப்ரோஸ் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "ரெண்டை நாலால வகுத்தா அரைதான் வரும். அரைப் பறவை எப்படிங்க நிக்கும்?"

"ரெண்டுடி. கூட்டிச் சொல்லலை. ரெண்டேதான்."

முறத்தைக் கீழே வைத்தாள். ஒரு வருடமாகக் கேட்காததைக் கேட்டாள். "என்னையும் கூட்டிட்டுப் போறியளா?"

பிற்பகல் அசர் தொழுதுவிட்டு வண்டி கட்டினேன். ஓரத்தில் இறக்கி, முடிச்சுப் புல்லுக்கு இப்பால் உட்கார வைத்தேன். அவளுக்கு ஊரவும் தெரியாது, கிசுகிசுவென்று பேசவும் தெரியாது. ஆனால் அசையாமல் உட்காரத் தெரிகிறது. வெயில் சாய்ந்ததும் முதல் கழுத்து எழுந்தது. பிறகு இரண்டாவது.

"பாத்தியா? ரெண்டு" என்றேன்.

அவள் வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் கையைத் தொட்டு, பெரியதின் காலடியைக் காட்டினாள். அங்கே புல்லடியில் ஒரு மண்ணாங்கட்டி நகர்ந்தது.

"மூணு" என்றாள்.

எண்ணிப் பார்த்தேன். மூன்றுதான். என் கணக்கு நிசத்துக்குக் குறைவாகப் போனது இதுவே முதல் தடவை.